கடாரம் வேண்டா, கித்தாக்காடு வேண்டும்!

(ஒரு தோட்டத்துக் கிராணி)

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்கென்று ஒரு பெரும்படம் வேண்டும் என்னும் பேச்சு நமது சங்கங்களிலும் மன்றங்களிலும் அடிக்கடி எழுகின்றது. பேச்சு வரவேற்கத் தக்கதே. ஆனால், "எக்கதையைப் படமாக்குவது?" என்று ஒருவர் எழுந்து கேட்டுவிட்டால் கூட்டம் மூன்றாகப் பிரிந்து விடுகின்றது. இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பே நமது காவியம் என்பர் ஒரு சாரார். துப்பாக்கியும் கும்பலும் இருந்தாலன்றிக் கொட்டகையில் கூட்டம் சேராது என்பர் இன்னொரு சாரார். மூன்றாம் சாராரோ, "பால்மரத்தடியில் பிறந்து பால்மரத்தடியிலேயே மடிந்தவர்களுக்குக் கதை ஏது?" என்று கை விரிப்பர். இம்மூவர் கூற்றும் பிழை என்பதும், மூன்றினுள்ளும் பெரும்பிழை மூன்றாமவர் கூற்றே என்பதும் என் துணிபு.

ஒரு கதை படமாகத் தக்கதா என்பதை அறிய மூன்று கேள்விகள் போதும். இக்கதை நம்முடையதா? இதிலுள்ள மாந்தர் எதையேனும் துணிந்து செய்கின்றனரா, அன்றி அடிபட்டு அழுதுகொண்டே இருக்கின்றனரா? இதனை நாம் சொல்லாவிட்டால் வேறு எவரேனும் சொல்வரா? இம்மூன்று கேள்விகளையும் உரைகல்லாகக் கொண்டு, நம் முன்னே வைக்கப்படும் கதைகளை ஒவ்வொன்றாக உரைத்துப் பார்ப்போம்.

கடாரங் கொண்டவன் கதை

கி.பி. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரனின் கப்பற்படை கடல் கடந்து வந்து கடாரத்தை வென்றது என்பது கல்வெட்டுக் கூறும் செய்தி. அதனை மறுப்பாரில்லை. ஆனால் அவ்வெற்றி யாருடைய வெற்றி? அரசன் வந்தான், வென்றான், திறை கொண்டான், திரும்பினான். இன்று இந்நாட்டில் வாழும் நம்மவரிற் பெரும்பாலோர் அந்தக் கப்பலில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அல்லர். நம்முடைய பாட்டன்மாரும் பாட்டிமாரும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கங்காணியின் பின்னே வரிசையில் நின்று, கப்பலின் மேல்தளத்தில் ஆடுமாடுகளுக்கு அருகே படுத்து, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் தடுப்பு முகாமில் அடைபட்டு, அதன் பிறகே இம்மண்ணில் கால்வைத்தவர்கள். அவர்கள் கையில் வாள் இல்லை. பால்வெட்டும் உளியே இருந்தது. கொண்டது கடாரம் அன்று, கொண்டது கடன்.

ஏழை ஒருவன் தன் பாட்டன் யாரென்று சொல்ல வெட்கி, ஊர்ச் சமீன்தாரைச் சுட்டிக்காட்டி, "அவரே எங்கள் பாட்டனார்" என்று சொல்லிக்கொள்வானாயின் நாம் அவனைப் பற்றி என்ன நினைப்போம்? அரசர் கதையை எடுத்து நம் கதையென்று கொண்டாடுவோர் செய்வதும் அதுவே. அன்றியும், மலாய்க்காரரும் சீனரும் நம்மோடு ஒரே நாட்டில் குடிமக்களாய் வாழும் காலத்தில், "உங்கள் ஊரை எங்கள் அரசன் வென்றான்" என்று வெள்ளித்திரையில் முழங்குவதனால் நமக்கு ஆவதென்ன? மரியாதையா? வேலையா? பள்ளிக்கூடமா?

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. 2019ஆம் ஆண்டில் "கடாரம் கொண்டான்" என்னும் பெயருடனேயே ஒரு தமிழ்ப்படம் வந்தது. கோலாலம்பூரில் நிகழும் துரத்தலும் சுடுதலுமே அதன் கதை. சோழனும் இல்லை, கடாரமும் இல்லை. சரித்திரத்தின் பெயரை விளம்பரத்துக்கு வாங்கிக்கொண்டு சரித்திரத்தை வாயிற்படியிலேயே விட்டுவிட்டனர். அரசர் பெருமையைப் பேசும் அன்பர்கள் இதற்கும் மகிழ்ந்தே கைதட்டினர் என்றால், அவர்கள் வேண்டியது சரித்திரமா, அன்றி வெறும் பெயரா என்று கேட்கத் தோன்றுகின்றது.

கும்பல் கதை

அடுத்து, துப்பாக்கிக் கட்சியார். அவர்கள் காட்டும் சான்று 2016இல் வந்த "கபாலி". அப்படத்தை இயக்கிய பா. இரஞ்சித்தின் எண்ணத்தை நான் குறை கூற மாட்டேன். தோட்டத் தொழிலாளருக்குச் சீனரோடு ஒத்த கூலி வேண்டும் என்று கேட்ட போராட்டத்தை அவர் கதைக்குள் வைத்தார். ஆயினும் அளவைப் பாருங்கள்! சமக்கூலிப் போராட்டம் பழங்கதையாய்ச் சில நிமிடம் வந்து போகின்றது. கோட்டும் சூட்டும் துப்பாக்கியும் மீதி நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்கின்றன. படத்தைப் பார்த்து வெளியே வந்த இளைஞன் எதனை நினைவில் கொண்டு சென்றான்? கூலிக் கணக்கையா? கோட்டையா?

கும்பல் வாழ்க்கை நம்மவரிடையே இல்லை என்று நான் கூறவில்லை. தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, வீடும் வேலையும் ஒருங்கே போய், நகரின் புறம்போக்கில் ஒண்டிய குடும்பங்களின் பிள்ளைகள் எப்படிக் கெட்டனர் என்பது கேட்கத் தக்க கதையே. அதனை 2015இல் சஞ்சய் குமார் பெருமாள் "ஜகாட்" என்னும் படத்தில் எடுத்துக் காட்டினார். அங்கே துப்பாக்கி அழகாய் இல்லை. கெட்டுப்போகும் சிறுவனின் முகமே நடுவில் இருக்கின்றது. அது பெருநட்சத்திரம் எவரும் இல்லாத படம். எனினும் 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்னும் பரிசு அதற்கே கிடைத்தது. அதற்கும் பத்தாண்டுகள் முன்னரே, 2005இல், தீபக் குமரன் மேனன் "செம்மண் சாலை"யைத் தோட்டத்துக்குள்ளேயே எடுத்தார். எனவே, நட்சத்திரமும் கோடியும் இல்லாமல் படமெடுக்க முடியாது என்போர் வாதம் முன்னமே தோற்றுப்போன வாதமாகும்.

ஒரு படம் ஆற்றின் பெயரை மாற்றிற்று

"நமக்குக் கதை ஏது?" என்பாருக்கு இனி மறுமொழி கூறுவோம்.

1957இல் டேவிட் லீன் என்னும் ஆங்கிலேயர் "குவாய் நதிப் பாலம்" என்னும் படத்தை எடுத்தார். பியேர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர் 1952இல் எழுதிய நாவலே அதற்கு மூலம். ஏழு ஆஸ்கார் பரிசுகள் அதற்குக் கிடைத்தன. படம் பிடித்த இடம் சயாமும் அன்று, பர்மாவும் அன்று, இலங்கையின் கித்துல்கலை. படத்தைப் பார்த்துவிட்டு அப்பாலத்தைக் காண உலகெங்கணுமிருந்து பயணிகள் சயாமுக்கு வரலாயினர். வந்தவர்கள் குவாய் நதி எங்கே என்று கேட்டனர். பாலமோ மேக்குளோங் என்னும் வேறோர் ஆற்றின் மீது நின்றது. பார்த்தனர் அந்நாட்டார், 1960ஆம் ஆண்டளவில் ஆற்றின் அப்பகுதிக்கே குவாய் என்று பெயரை மாற்றிவிட்டனர்! சினிமாவின் வலிமைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

ஆற்றின் பெயரையே மாற்ற வல்ல அப்படம், அந்த இரயில் பாதையைப் போட்டவர் யார் என்பதையும் உலகத்தார் மனத்தில் மாற்றி எழுதிவிட்டது. ஆங்கிலப் படிப்புப் படித்த நம்மவர் பலரும் அதைப் பார்த்தே, "வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எவ்வளவு துன்பப்பட்டார்கள்!" என்று இரங்குகின்றனர். பட்டது உண்மை. சற்றொப்ப 60,000 நேசநாட்டுப் போர்க் கைதிகள் அங்கே வேலை வாங்கப்பட்டனர். 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அதே பாதையில் தமிழரும் மலாய்க்காரரும் பர்மியரும் ஜாவாக்காரருமாக ஆசியத் தொழிலாளர் எத்தனை பேர்? ஒன்றேமுக்கால் இலட்சத்துக்கும் மேல் என்பது ஆய்வாளர் மதிப்பு. அவருள் மாண்டவர் சற்றேறக்குறைய 90,000 பேர் என்பர். மலாயாவிலிருந்து சென்ற கூட்டத்தில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்.

415 கிலோமீட்டர் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். வாந்திபேதி பரவிய முகாம்களில் வெள்ளைக் கைதிக்கு அவனுடைய படை வைத்தியராவது உடனிருந்தார். அவனுக்கு ஒரு மேலதிகாரி இருந்தார், பெயர்ப் பதிவு இருந்தது, செத்தால் புதைத்த இடத்தைக் குறித்துவைக்க ஒரு தோழன் இருந்தான். காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் மட்டும் ஏறக்குறைய 7,000 கைதிகளுக்கு வரிசை வரிசையாய்க் கற்கள் நிற்கின்றன. புல் வெட்டி, பூ நட்டுப் பேணுகின்றனர். முனியனுக்கும் மாரியாயிக்கும் கல் எங்கே? அந்தப் பாலப் படத்தில்தான் அவர்கள் முகம் எங்கே? பாதையோரத்துச் சகதியில் போன உயிர், படத்தின் சட்டத்துக்கு வெளியேயும் போயிற்று.

கொட்டகைக் கதவைச் சாத்தினர்

இங்கே வாசகர் ஒன்றை ஊன்றி நோக்க வேண்டுகின்றேன். இத்தொழிலாளரை ஜப்பானியர் எவ்வாறு சேர்த்தனர்? முதலில் நல்ல கூலி, சிறிது கால வேலை, வயிறாரச் சோறு என்று விளம்பரம் செய்தனர். போனவர் திரும்பவில்லை என்னும் செய்தி பரவியதும் ஆள் சேரவில்லை. பிறகு கையாண்ட சூழ்ச்சிகளுள் ஒன்று சினிமா. இலவசப் படம் காட்டுகிறோம் என்று பறையறிவித்தனர். கொட்டகை நிரம்பியதும் கதவைச் சாத்தினர். உள்ளே இருந்த ஆடவரைப் பிடித்து இரயிலில் ஏற்றினர். போர்க்காலப் பதிவுகள் இதனைக் கூறுகின்றன.

படம் பார்க்கப் போன மனிதன் சயாமுக்குப் போனான்! பகலெல்லாம் உழைத்தவன், ஒருநாள் மாலை இரண்டு மணிநேரம் தன் துன்பத்தை மறக்க விரும்பினான். அதற்கு அவன் கொடுத்த விலை அவனுடைய உயிர். சினிமா நமது மக்களுக்குக் கடன்பட்டிருக்கின்றது என்று நான் கூறுவது உவமையாக அன்று, கணக்காகவே கூறுகின்றேன். எந்த வெண்திரையைக் காட்டி அவனை மறைத்தனரோ, அந்த வெண்திரையிலேயே அவனை மீண்டும் காட்டுதல் வேண்டும். எண்பது ஆண்டுக்கு மேலாயிற்று. கடன் இன்னும் தீரவில்லை.

"அழுகைப் படத்தை யார் பார்ப்பார்?" என்று கேட்பர். நியாயமான கேள்வியே. இரண்டரை மணிநேரம் பிணங்களை அடுக்கிக் காட்டுவது படமாகாது. என் இரண்டாவது கேள்வி இங்கேதான் உதவுகின்றது. இக்கதையில் துணிவும் தீர்ப்பும் எங்கே உள்ளன? முகாமில் உள்ளன, அதற்கு முன்னரே தோட்டத்து ஆபீசிலும் உள்ளன.

1942இல் வெள்ளைத் துரைமார் ஓடிவிட்டனர். தோட்டத்தில் எஞ்சிய அதிகாரி கிராணிதான். ஜப்பானியர் தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குக் கேட்டனர். செக்ரோலைத் திறந்து பெயர்களைப் பொறுக்க வேண்டியவன் யார்? பேனாவைப் பிடித்தவன் தமிழன். பட்டியலில் ஏறியவனும் தமிழன். எதிர்த்துப் பேசியவன் பெயரை முதலில் எழுதுவதா? பிள்ளைகுட்டி இல்லாதவன் பெயரை எழுதுவதா? தன் தம்பியை விடுத்து அடுத்த லயத்தானின் தம்பியைச் சேர்ப்பதா? அல்லது பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடி வாங்குவதா? இதோ நாடகம்! இதற்கு மேல் ஒரு நாடகாசிரியனுக்கு என்ன வேண்டும்? பாலத்தை வெடிவைத்துத் தகர்க்கும் காட்சிக்குப் பல இலட்சம் வேண்டும். ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பெயரேடு, வாசலில் நிற்கும் ஒரு பெண்: இதற்கு எவ்வளவு செலவாகும்?

இக்கதைக்கு மூலமும் இல்லாமற் போகவில்லை. ஆர். சண்முகம் "சயாம் மரண ரயில்" என்று ஒரு நாவலே எழுதினார். ஆ. ரெங்கசாமியின் "நினைவுச் சின்னம்" அதே பாதையைப் பற்றியது. ஆவணப் படங்களும் வந்துள்ளன. வெளிவராதது கதைப்படம் ஒன்றே. வெளிநாட்டான் மறைத்துவிட்டான் என்று அவனை வைவதில் பயனில்லை. அவன் தன்னுடைய மக்களின் கதையைச் சொன்னான். நம் மக்களின் கதையைச் சொல்ல வேண்டியவர் நாமல்லவா?

சைக்கிளினின்று இறங்க மாட்டேன்!

அடுத்துப் படமாகத் தக்கது 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன "தமிழ் நேசன்" நாளிதழின் துணையாசிரியராயிருந்த ஆர்.எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவராகவும் இருந்தார். அவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர் எழுப்பிய கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளரோடு ஒத்த கூலி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும். பெண்களிடம் முறைகேடாய் நடப்பது ஒழிய வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளினின்று இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்.

கடைசிக் கோரிக்கையை மறுமுறையும் படியுங்கள். அதில் காசு இல்லை, மானம் இருக்கின்றது. காந்திக் குல்லாய் அணிந்துகொள்ளும் உரிமையையும் அவர்கள் கேட்டனர். எழுத்துவாசனை அறியாதவர், கள்ளில் கிடப்பவர் என்று பட்டணத்துக் கனவான்கள் இகழ்ந்த மக்கள், கள்ளுக்கடையை மூடு என்று தாமே எழுந்து கேட்டனர்! மே மாதத் தொடக்கத்தில் நாதனைச் சிறைப்பிடித்து நாடு கடத்தினர். வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாய்ப் பரவிற்று. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து, இந்தியப் பட்டாளத்தையே இந்தியத் தொழிலாளர் மீது ஏவினர். துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மடிந்தனர். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் கோத்தபாருவில் இறங்கிவிட்டனர். அடுத்த ஆண்டே சயாம் இரயிலும் தொடங்கிற்று. சைக்கிளினின்று இறங்க மறுத்த ஒருவன், இரயிலில் ஏற்றப்பட்டிருந்தால்? இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே மனிதனின் ஈராண்டு வாழ்க்கைக்குள் அடங்கும். பட்டியலில் அவன் பெயரை முதலில் எழுதக் கிராணிக்குக் காரணமும் கிடைத்துவிடுகின்றது. கதை தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்கின்றது.

கிராணி வர்க்கத்தைப் பற்றி இப்படி ஒரு கிராணியே எழுதலாமா என்று எம் தோழர் சிலர் முகஞ்சுளிப்பர். எழுதத்தான் வேண்டும். அந்நாளில் தொழிலாளர் நமக்கு இட்ட பெயர் "கறுப்புத் துரை". படத்தில் வெள்ளைத் துரையை மட்டும் கொடியவனாக்கிக் கறுப்புத் துரையை மறைத்தால் அது பொய்ப்படமாகும். தன் இனத்தானின் தவற்றைக் காட்ட அஞ்சும் கலை, விளம்பரத்துக்கு உதவும், வேறெதற்கும் உதவாது.

இவையன்றி, 1943இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சிராணிப் படையில் பால்வெட்டும் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்திய தோட்டத்துப் பெண்கள் இருக்கின்றனர். 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் கணபதி இருக்கின்றார். கணபதியின் கதைக்குத் தணிக்கை குறுக்கே நிற்கலாம். கம்யூனிஸ்டுகளைப் பற்றி அமீர் முகமது எடுத்த ஆவணப் படம் 2006இல் இந்நாட்டில் தடுக்கப்பட்டதை அறிவோம். எனவே அதனை முதலில் எடுக்கச் சொல்லேன். இரயிலுக்கும் சைக்கிளுக்கும் அத்தடையும் இல்லை.

எந்த நாவல்?

நிகழ்ச்சிகளை விட்டு நாவல்களுக்கு வருவோம். நமது கடல் கடந்த வாழ்வை எழுதிய நாவல்களுள் ப. சிங்காரத்தின் "புயலிலே ஒரு தோணி"யை முதலில் சொல்வது அறிந்தோர் வழக்கம். 1972இல் நூலான அப்பெருங்கதை மெடானிலும் பினாங்கிலும் போர்க்காலத்தில் நடக்கின்றது. சிறந்த நாவல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சிறந்த நாவல் எல்லாம் சிறந்த படக்கதையாகி விடுமா? அந்நூலின் உயிர் அதன் மொழியில் இருக்கின்றது. நாயகன் தன் மனத்துக்குள் நிகழ்த்தும் பேச்சிலும், பழம்பெருமையை எள்ளி நகையாடும் எழுத்திலும் இருக்கின்றது. நமது படமுதலாளிகள் கையில் அது சிக்கினால் மொழியை உதறிவிட்டுப் படகையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொள்வர். மறுபடியும் கும்பல் படமே மிஞ்சும்.

அவரே அதற்கு முன் எழுதிய சிறிய நாவல் "கடலுக்கு அப்பால்". கலைமகள் பரிசு பெற்று 1959இல் வெளிவந்தது. பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வயிரமுத்துப் பிள்ளை. அவரிடம் வேலை பார்த்த செல்லையா. பிள்ளையின் மகள் மரகதம். செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து திரும்பி வருகின்றான். தோள் நிமிர்ந்த அவ்விளைஞன் இனிக் கணக்குப் புத்தகத்தின் முன் குனிந்து உட்காரத் தகுவானா என்னும் ஐயம் பிள்ளைக்கு. பெண்ணைத் தர மறுக்கின்றார். அவ்வளவே கதை. கொடியவன் எவனும் இல்லை. பிள்ளையும் தன் அளவில் நியாயஸ்தரே. நாட்டுக்காகத் துணிந்தவனை நாட்டார் வீட்டுக்குள் சேர்க்க அஞ்சும் விந்தையை, நான்கு சுவருக்குள், ஒரு பெட்டகத்துக்கும் ஒரு கணக்கு மேசைக்கும் நடுவே, அந்நூல் காட்டிவிடுகின்றது. வணிகரும் வீரரும் பெண்ணும் ஆகிய மூவர் முகத்திலேயே எழுதிக் காட்டத் தக்க கதை இது. நாவலிலிருந்து எடுக்க வேண்டுமாயின் என் வாக்கு இதற்கே.

அகிலன் இந்நாட்டுக்கு வந்து பார்த்துச் சென்று "பால்மரக்காட்டினிலே" எழுதினார். விருந்தினராய் வந்தவர் இவ்வளவு பரிவோடு எழுதியதற்கு நன்றி கூறுவோம். அவருடைய "பாவை விளக்கு" 1960இல் படமாயிற்று; "வாழ்வு எங்கே" 1963இல் "குலமகள் ராதை" ஆயிற்று; "கயல்விழி" 1978இல் "மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்" ஆயிற்று. பாண்டியனுக்குக் கிடைத்த யானையும் சேனையும் பால்மரத்துக்குக் கிடைத்தனவா? தமிழகத்துப் படமுதலாளிகளுக்கு இந்நாடு பாட்டுக் காட்சிக்கு ஏற்ற கடற்கரை. 1978இல் வந்த "பிரியா" போன்ற படங்களுக்காக அவர்கள் இங்கே வந்து பிடித்துச் சென்றது கட்டடங்களையும் பூங்காக்களையுமே. ஆகவே அவர்களை நம்பிக் காத்திருத்தல் வீண்.

மூலத்தைச் சிதைக்க வேண்டா

எடுப்பவர் எவராயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பி.எச். டேனியல் என்னும் மருத்துவர் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றி, ஆங்கே தமிழ்த் தொழிலாளர் பட்ட கொடுமையை 1969இல் ஆங்கில நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதனை "எரியும் பனிக்காடு" என்று தமிழாக்கினார். 2013இல் பாலா அக்கதையைத் தழுவிப் "பரதேசி" எடுத்தார். படத்தில் நடிப்பும் ஒளிப்பதிவும் மெச்சத் தக்கவை. ஆனால் நூலில் தொழிலாளருக்கு உண்மையாய் உதவிய மருத்துவரின் இடத்தில், படத்தில் ஆடிப்பாடி மதம் மாற்றும் ஒருவர் வந்து நிற்கின்றார். கண்ணீரை வைத்துக்கொண்டு, கண்ணீரைத் துடைத்த கையை நீக்கிவிட்டால் என்ன எஞ்சும்? மக்கள் எதிர்த்தனர், உதவினர், சங்கம் கண்டனர் என்பதே தோட்ட வரலாற்றின் முதுகெலும்பு. அதனை உருவிவிட்டால் தொழிலாளி வெறும் பிண்டமாகி விடுவான். அத்தகைய படத்தைவிடப் படம் எடுக்காமலிருத்தல் நன்று.

அண்டை வீட்டாரைப் பாருங்கள்

மலாய்ச் சகோதரர் என்ன செய்தனர்? 1950 பிப்ரவரியில் ஒரு சிற்றூர்ப் போலீஸ் நிலையத்தில் நடந்த தாக்குதலை, 1981இல் ஜின்ஸ் சம்சுடின் "புக்கிட் கெப்போங்" என்னும் படமாக்கினார். இன்றும் பேசுகின்றனர். 2022இல் "மாட் கிலாவ்" வந்து கொட்டகைகளை நிரப்பிற்று. அவற்றின் அரசியல் நமக்கு உடன்பாடாகலாம், ஆகாதிருக்கலாம். தம் சரித்திரத்தைத் தாமே எடுத்தனர் என்பது மெய். ஷாநோன் அகமது 1966இல் எழுதிய "ரஞ்சாவ் செப்பாஞ்சாங் ஜாலான்" கெடாவில் நெல் விளைக்கும் ஓர் ஏழைக் குடும்பத்தின் கதை. அரசன் இல்லை, போர் இல்லை. சேறும் நண்டும் குருவியும் பசியுமே உண்டு. அதனை மலாயிலும் படமாக்கினர். 1994இல் கம்போடியாவின் ரிதி பான் தம் நாட்டு மொழியிலும் படமாக்கினார். சேற்றில் கால் புதைந்த ஒரு குடியானவன் கதை நாடு விட்டு நாடு சென்றது. சேற்றில் கால் புதைந்த நம்மவன் கதை மட்டும் லயத்தைத் தாண்டாதாம்!

செய்ய வேண்டுவது யாது?

காலம் குறுகிவிட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பிரட்டுக்களத்தில் இன்று பெரும்பாலும் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நிற்கின்றனர். நம்மவர் நகர்ப்புறத்து அடுக்கு வீடுகளில் இருக்கின்றனர். சயாமினின்று மீண்டவர்களில் நம்மோடு இருப்பவர் மிகச் சிலரே. அவர்கள் பிள்ளைகள் இருக்கின்றனர், அவர்களும் முதியோர். ஆகவே,

முதலாவது: ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் தன் பகுதி முதியோரிடம் சென்று, சயாமைப் பற்றியும் வேலைநிறுத்தத்தைப் பற்றியும் அவர்கள் தாய்தந்தையர் சொல்லக் கேட்டதை ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். கைப்பேசி இல்லாத வீடில்லை. பணம் ஒரு காசும் வேண்டாம்.

இரண்டாவது: பழைய தோட்டங்களின் செக்ரோல்களும் பிறப்பிறப்பு ஏடுகளும் கறையானுக்கு இரையாகின்றன. ஆபீசில் இருக்கும் என் தோழர்கள் அவற்றை எரிக்கவோ எடைக்குப் போடவோ உடன்படாதிருத்தல் வேண்டும். படமெடுப்பவனுக்கு வேண்டிய பெயர்கள் அவற்றில்தான் உள்ளன.

மூன்றாவது: சிறுகதைக்குப் போட்டி வைக்கும் நமது அமைப்புகள், இனித் திரைக்கதைக்கும் வைக்கட்டும். பரிசு பெறும் திரைக்கதையை மேடையில் படித்துக் காட்டட்டும். சென்னையிலிருந்து நட்சத்திரங்களை வரவழைத்து ஓரிரவு ஆடவிட்டு அனுப்பும் செலவில் பத்திலொரு பங்கு இதற்குப் போதும்.

நான்காவது: இரசிகராகிய நாமும் கடன் உடையவர். "ஜகாட்" போன்ற படம் வரும்போது, "யாரோ புதுப்பையன்கள்" என்று வீட்டிலிருந்துவிட்டு, சென்னைப் படத்துக்கு நள்ளிரவிலேயே வரிசை பிடித்து நிற்பது எந்தப் பற்று?

தோழர்களே! அரசன் கதையைச் சொல்லக் கல்வெட்டு இருக்கின்றது, மெய்க்கீர்த்தி இருக்கின்றது, புலவர் இருந்தனர். வெள்ளைக் கைதியின் கதையைச் சொல்லக் கல்லறையும் படமும் இருக்கின்றன. கல்லும் இல்லாது, மெய்க்கீர்த்தியும் இல்லாது, இலவசப் படம் பார்க்கப் போய்க் கொட்டகையிலேயே பிடிபட்டவனுக்கு நம்மையன்றி யார் உளர்? அவன் அன்று பார்க்கச் சென்ற படம் எதுவென்று இப்போது தெரியப் போவதில்லை. அவனைப் பற்றிய படம் எதுவாயிருக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். முடிவு செய்வோமா?